தவறணையிலிருந்து வைன் பார் வரை: மேசையில் ஆர் இருந்தவை?

போன மாதம் எங்கட குழுவில் ஒராளுக்குப் பிறந்தநாள். ஆறு பேரும் காசு சேர்த்து, யாழ்ப்பாண நகரில் இருக்கிற ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கடையின்ர பேர் இங்க தேவையில்லை. மஞ்சள் வெளிச்சம், சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட மேசைத்துணி, கரும்பலகையில் சோக்கால எழுதின மெனு. சுவர்த்தட்டு முழுக்க வெறும் வைன் போத்தல்கள், அழகுக்கு. பாஸ்தாவும் சூப்பும் எடுத்தோம். "பாரிசில ஒரு தெருமுனைக் கடைக்குள்ள வந்து இருக்கிறமாதிரிக் கிடக்கு" எண்டு ஒருத்தி சொன்னாள். எங்களில் ஒருத்தரும் பாரிஸ் போனதில்லை. ஆனால் மாமாமார், சித்திமார் அங்க இருக்கினம், படங்கள் பாத்திருக்கிறம்.

அடுத்த நாள் ஒருத்தி தன்ர அம்மம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அம்மம்மா முழுக்கக் கேட்டுப்போட்டு, "வைன் பார் எண்டா என்னடி பிள்ளை? தவறணைதானே?" எண்டு கேட்டிருக்கிறா. வட்ஸ்அப்பில் அதைக் கேட்டு எல்லாரும் சிரிச்சோம். சிரிப்பு முடிய ஒருத்தன் கேட்டான்: "உண்மையா, தவறணை எண்ட சொல் எங்க இருந்து வந்தது?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. பதிலைத் தேடப்போன இடத்தில் நாங்கள் எதிர்பார்க்காத வேறொரு கதையும் கிடைச்சது. அதைக் கடைசியில் சொல்லுறம்.

கடையே வந்த கப்பல்

தவறணை போர்த்துக்கேயச் சொல். 'தவேர்ணா' எண்டால் அவையின்ர மொழியில் குடியும் சாப்பாடும் விக்கிற கடை. அதுக்கும் வேர் இலத்தீன் மொழியின் 'தபேர்ணா'. கடை, கொட்டில் எண்டு பொருள். உரோமர் காலத்துத் தெருக்களில் வைன் வித்த கடைகளுக்கும் அதே பேர். அம்மம்மா பகிடிக்குச் சொல்லேல்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறா. ஐரோப்பாவின்ர தெருமுனை வைன் கடையின் பேர் நானூறு வருசமாக எங்கட வாயில் இருக்கு. பனையடிவாரத்தில் கள்ளு விக்கிற இடத்துக்கு அதை வைச்சிருக்கிறம், அவ்வளவுதான்.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்தது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடிச்சினம். 1795இல் ஆங்கிலேயர் வந்தினம். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை நேரடியாக ஆண்டது நாற்பது வருசத்துக்கும் குறைவு. ஆனால் அவை விட்டுப்போன சொற்களை அடுக்கிப் பாருங்கோ: மேசை, கதிரை, வாங்கு, கோப்பை, பீரிஸ், தாச்சி, குசினி, அலுமாரி, பாண், வின்னாகிரி. ஒரு ரெஸ்ரோரண்ட் திறக்கிறதுக்குத் தேவையான முக்கால்வாசிச் சாமான் இந்தப் பட்டியலிலேயே இருக்கு. கோப்பி மட்டும் ஒல்லாந்தரின்ர பங்கு. தமிழ்நாட்டு நண்பர்களிடம் 'கதிரை' எண்டு சொன்னால் முழிப்பினம். அவைக்கு அது நாற்காலி. எங்களுக்கு அது கதிரை, லிஸ்பனில் 'கதெய்ரா'.

சொல் மட்டும் வரேல்லை. மிளகாய், மரவள்ளி, அன்னாசி, பப்பாசி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியரின் கப்பல் வழிகளில்தான் அவை ஆசியாவுக்கு வந்தன. மிளகாய்த்தூள் போடாத யாழ்ப்பாணக் கறியை எங்களால நினைச்சுப் பாக்கேலாது. ஒடியல் கூழில் ஒடியல் மாவும் மீனும் எங்கட. மிளகாயும் மரவள்ளியும் கப்பலில் வந்தவை. "யாழ்ப்பாணத்தின் தனித்துவமான சுவை" எண்டு நாங்கள் பெருமைப்படுகிறதுக்குள்ளயே ஐரோப்பாக்காரன் திறந்த கடல்வழி இருக்கு. ஆகவே இப்ப வந்த சிவப்புக்கட்ட மேசைத்துணியைப் பாத்து "எங்கட பண்பாடு போச்சு" எண்டு ஆரும் அழுதால், அவையை முதலில் குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போக வேணும்.

பிளாவும் கிளாசும்

சரி, மேசையும் கதிரையும் கோப்பையும் வந்தன. அந்தக் கதிரையில் ஆர் இருந்தவை, அந்தக் கோப்பையில் ஆர் குடிச்சவை? இந்தக் கேள்வியோடுதான் உண்மையான வரலாறு தொடங்குது.

கள்ளுக் கதையில் தொடங்குவம். இடுப்பில் பாளைக்கத்தி, காலில் தளநார் போட்டுக்கொண்டு பனையில் ஏறி, பாளையைச் சீவி, முட்டி கட்டுறவர் சீவல் தொழிலாளி. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காமல் கருப்பணி கிடைக்கும். பூசாமல் விட்டால் கள்ளு. இந்தத் தொழிலைச் செய்த சமூகத்தை யாழ்ப்பாணத்துச் சாதி அமைப்பு தீண்டத்தகாதவர் எண்டு ஒதுக்கி வைச்சிருந்தது. அவர் தொட்ட தண்ணியை உயர்சாதிக்காரர் குடிக்கமாட்டினம். தங்கட கிணத்தில் அவரை அள்ள விடமாட்டினம். ஆனால் அவர் கையால் இறக்கின கள்ளை மட்டும் வரிசையில் நிண்டு வாங்கிக் குடிச்சினம்!

அதுக்கு வழி செய்து குடுத்தது பிளா. பச்சைப் பனையோலையை மடிச்சு, நுனியைக் கட்டினால் ஒரு பிளா. கூழும் கள்ளும் குடிக்கிற ஏனம் அது. குடிச்சு முடிய எறியலாம். ஒருவர் வாய் வைச்ச ஏனத்தில் இன்னொருவர் வாய் வைக்கத் தேவையில்லை. இப்ப பிளாவை "சூழலுக்கு உகந்த பாரம்பரியக் கோப்பை" எண்டு இன்ஸ்டகிராமில் போடுறம். அது உண்மைதான். ஆனால் ஒருக்காப் பாவிச்சு எறியிற ஏனம், தீட்டுப் பாக்கிற சமூகத்துக்கு எவ்வளவு வசதி எண்டதையும் சேர்த்து யோசிக்க வேணும்.

கிளாஸ் அப்பிடியில்லை. கழுவித் திருப்பி வைக்கிற சாமான் அது. காலமை ஒருவர் குடிச்சது பின்னேரம் இன்னொருவர் கையில். கடைக்குள் கிளாஸ் வந்த நாளிலிருந்து, "இந்தக் கிளாசில் ஆர் ஆர் குடிக்கலாம்?" எண்ட சண்டையும் வந்திட்டுது.

வெள்ளைக்காரரின் மேசை

ஐரோப்பாவின் மேசை வந்தால் சமத்துவமும் கூட வரும் எண்டு நினைக்கிறது பிழை. யாழ்ப்பாணத்தில் அது அப்பிடி வரேல்லை. ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையைச் சட்டமாக எழுதி வைச்சபோது, சொத்து, சீதனம் பற்றின வழக்கங்களோட அடிமைகள் பற்றின விதிகளையும் சேர்த்தே எழுதினம். வாய்மொழியாக இருந்த ஏற்றத்தாழ்வு கடதாசியில் ஏறினது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிஞ்சது 1844இல், ஆங்கிலேயர் காலத்தில். சட்டப் புத்தகத்திலிருந்து போனது வழக்கத்திலிருந்து போகேல்லை.

ஆங்கிலேயரும் தங்கட மேசைக்கு எங்களைக் கூப்பிடேல்லை. 1905 தொடக்கத்தில் லெனார்ட் வூல்ஃப் எண்ட இளம் அதிகாரி யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வந்தார். பின்நாளில் எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃபைக் கலியாணம் செய்தவர் இவர்தான். தன்ர நாயையும் வோல்ற்றேயரின் 90 தொகுதிகளையும் கொண்டுவந்து, கோட்டைக்குள் ஒரு பங்களாவில் இருந்தார். பின்னேரத்தில் வெள்ளைக்காரர் ரெனிஸ் விளையாடி, இருட்டினவுடன் வட்டமாகக் கதிரை போட்டு விஸ்கியும் சோடாவும் குடிச்சுக் கதைச்சதைப் பற்றித் தன்ர நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த வட்டத்துக்குள் ஊர்ச்சனம் இல்லை. ஆனையிறவில் பழைய ஒல்லாந்தக் கோட்டை, பிறகு ரெஸ்ற் ஹவுஸ் ஆனது. காங்கேசன்துறையிலும் ஒண்டு இருந்தது. வெள்ளை மேசைவிரிப்பு, முள்ளுக்கரண்டி, சூப், புடிங்; சாப்பிட்டவை அதிகாரிகளும் வசதியானவையும். சமைச்சவையும் பரிமாறினவையும் எங்கட ஆக்கள்.

ஐரோப்பாவிலும் கதை பெரிசாக வேறையில்லை. ஹேபர்மாஸ் 1962இல் எழுதின புத்தகத்தில் 18ஆம் நூற்றாண்டு லண்டன் கோப்பிக் கடைகளைப் பற்றிச் சொல்லுவார். பிரபுவும் வணிகனும் ஒரே மேசையில் இருந்து அரசியல் கதைச்ச இடம், 'பொதுவெளி' பிறந்த இடம் எண்டு. அவரை விமர்சிச்ச பெண்ணியவாதிகள் கேட்ட கேள்வி நேரானது: அந்த மேசையில் பெண்கள் எங்க? கூலிக்காரன் எங்க? எங்கட விரிவுரை மண்டபத்தில் இதைப் படிச்சு, சோதினைக்கும் எழுதிப்போட்டு வந்தோம். யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடையை வைச்சு அதை யோசிக்க எங்களுக்கு அப்ப தோணேல்லை.

தோலகட்டியின் திராட்சை

நடுவில் யாழ்ப்பாணத்தின் சொந்த வைனைப் பற்றியும் சொல்ல வேணும். வசாவிளானுக்குக் கிட்ட, செம்மண் பூமியில் தோலகட்டி இருக்கு. 1928இல் தோமஸ் அடிகளார் எண்ட அமலமரித் தியாகிகள் சபைக் குருவானவர் அங்க செபமாலைத் துறவிகளின் ஆச்சிரமத்தைத் தொடங்கினார். செபமும் மௌனமும் தோட்டவேலையும்தான் அந்தத் துறவிகளின் வாழ்க்கை. அங்க திராட்சை வளர்ந்தது. கத்தோலிக்கப் பூசைக்கு வைன் வேணும் எண்டதால், ஐரோப்பாவில் மடங்களும் திராட்சைத் தோட்டமும் சேர்ந்தே வளர்ந்தவை. அதே வழக்கம் வலிகாமத்துச் செம்மண்ணிலும் வேர்விட்டது. தோலகட்டி நெல்லி ரசத்தை அறியாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. போர்க்காலத்தில் அந்தப் பகுதி உயர்பாதுகாப்பு வலயமாகிப்போனது. கொழும்புத்துறை வீதியில் செபமாலைக் கன்னியர் மடத்தில் திராட்சை ரசத்தோடும் நெல்லி ரசத்தோடும் கறுவாவும் கராம்பும் மணக்கிற இனிப்பு வைனும் விற்பனைக்கு இருந்து வந்திருக்கு.

இந்த வைனை எங்கட வீடுகளில் மருந்துமாதிரி வைச்சிருப்பினம். நத்தாருக்கு ஒரு மிடறு, பிள்ளை பெத்தவைக்கு ஒரு மிடறு. அதில் வெட்கம் இல்லை. அதே வீட்டில் கள்ளு எண்ட சொல்லைப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லமாட்டினம். ரெண்டும் புளிக்க வைச்ச சாறுதான். ஒண்டு திராட்சையில் இருந்து, மற்றது பனையில் இருந்து. ஒண்டைத் துறவி செய்யிறார், மற்றதைச் சீவல் தொழிலாளி இறக்கிறார். மரியாதை வித்தியாசப்படுகிறது சாற்றால் இல்லை, கையால்.

மதுவிலக்கு இயக்கத்திலும் இந்த முடிச்சு இருக்கு. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் அது பலமான இயக்கம். 1927 நவம்பரில் வாலிபர் காங்கிரசின் அழைப்பில் வந்த காந்தி, மதுவையும் தீண்டாமையையும் சேர்த்தே கண்டிச்சார். மதுவை எதிர்க்கப் பெரியவை பலர் முன்னுக்கு வந்தினம். குடியால் அழிஞ்ச குடும்பங்களைப் பாத்தவை அவையின்ர அக்கறையைக் குறை சொல்லேலாது. ஆனால் தீண்டாமைக்கு எதிராக அதே வேகத்தோட வந்தவை குறைவு. தவறணையை மூடச் சொல்லுறது லேசு. சீவல் தொழிலாளியைப் பக்கத்துக் கதிரையில் இருத்துறது கஷ்டம்.

போத்தலில் தேத்தண்ணி

1930ஐ ஒட்டின காலத்தில், அரச உதவி பெறுகிற பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக வாங்கில் இருத்த வேணும் எண்டு உத்தரவு வந்தது. அதுவரை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படிச்சவை. உத்தரவு வந்ததும் எதிர்ப்புக் கிளம்பினது. சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. ஒரு பிள்ளை வாங்கில் இருந்ததுக்காகப் பள்ளிக்கூடத்தை எரிச்ச ஊர் இது.

தேத்தண்ணிக் கடைகளில் நிலைமை அதிலும் மோசம். ஒடுக்கப்பட்டவை உள்ளுக்குப் போய் இருக்கேலாது. வெளியில் நிண்டு அல்லது நிலத்தில் குந்திக் குடிக்க வேணும். கிளாஸ் இல்லை, அவைக்கெண்டு வெறும் போத்தலில் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பினம். சுடச்சுடத் தேத்தண்ணி ஊத்தின போத்தலைக் கையில் பிடிச்சுப் பாருங்கோ, விளங்கும்.

1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. சாதியைக் காரணம் காட்டிக் கடையில், சாப்பாட்டுச் சாலையில் ஒருவரைத் தடுக்கிறது குற்றம் எண்டு அது சொன்னது. சட்டம் வந்தும் போத்தல் போகேல்லை. அதை மாத்தினது மக்கள் போராட்டம். 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஊர்வலம் வெளிக்கிட்டது. பொலிஸ் அடிச்சது. ஊர்வலம் நிக்கேல்லை. அடுத்த வருசம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. சங்கானை, சாவகச்சேரி போன்ற இடங்களில் தேத்தண்ணிக் கடைகளுக்குள் போய்க் கதிரையில் இருந்து, கிளாசில் தேத்தண்ணி கேட்டினம். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் நடந்தது. இந்தப் போராட்டங்களில் உயிர்களும் போயின. ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்கு! கே. டானியல் 'பஞ்சமர்' நாவலில் எழுதினது இந்த உலகத்தைத்தான். கையில் கிடைச்சால் வாசியுங்கோ.

1970களின் தொடக்கத்தில் சீவல் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்தினம். இண்டைக்கும் ஊர்த் தவறணைகளைப் பெரும்பாலும் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள்தான் நடத்தினம்.

எங்கட மேசை

இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்த நாட்களில், "வீட்டிலயும் கேட்டுப் பாப்பம்" எண்டு முடிவு செய்தோம். ஆறு பேரும் அவரவர் வீட்டில் மூத்தவையிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம்: அந்த நாளில் தேத்தண்ணிக் கடையில் உங்களுக்கு எதில குடுத்தவை?

ரெண்டு கிழமைக்குப் பிறகு பரமேஸ்வராச் சந்திப் பக்கம் ஒரு கடையில், பிளேன்ரீயோட கூடினோம். எங்களில் ஒருவரின்ர அப்பப்பா தேத்தண்ணிக் கடை வைச்சிருந்தவர். கடையின் பின்பக்கம் வேலியில் போத்தல்கள் கொழுவிக் கிடந்ததாம். வீட்டில் இதுவரை ஆரும் அதைப் பற்றிக் கதைச்சதில்லை. கேட்டபோது, "அது அந்தக் காலத்து வழக்கம், இப்ப ஏன் கிண்டுறாய்?" எண்டு பதில் வந்ததாம். இன்னொருவரின்ர தாத்தா போத்தலில் குடிச்சவர். அவர் பேரப்பிள்ளைக்குச் சொன்னது ரெண்டே வசனம்: "கை சுடும். அதால ஆறவிட்டுத்தான் குடிக்கிறது."

மூண்டு வருசமாக ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறம். ஒருவரின்ர பார்சலை மற்றவர் பறிச்சுத் திண்டிருக்கிறம். எங்களுக்கு இது தெரியாது. கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. கடைக்காரரின்ர பேத்தி எண்டோ பேரன் எண்டோ சொல்லாமல் விடுறம். அது ஆர் எண்டது முக்கியமில்லை. எங்கட எந்தக் குழுவிலும் அப்பிடி ரெண்டு பேர் இருப்பினம். உங்கட குழுவிலும் இருப்பினம்.

"இப்ப சாதி ஆர் பாக்கினம்?" எண்டு கேக்கிறவைக்கு ஒண்டு சொல்லுறம். புது ஆக்களோட கதைக்கத் தொடங்கினால் மூண்டாவது கேள்வியாக "நீங்கள் எவடம்? கோயிலுக்கு எந்தப் பக்கம்?" எண்டு வரும். அது முகவரி விசாரிக்கிற கேள்வி இல்லையெண்டது கேக்கிறவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கலியாணப் பேச்சு வரும்போது அந்தப் போத்தல் திரும்பவும் வெளியில் வரும்.

மேசையில் இல்லாதவையைப் பற்றியும் யோசிச்சோம். தவறணைக்குள் பெண்கள் போகேலாது. மங்கலான வெளிச்சம் உள்ள புதுக்கடைக்குள் போகலாம். அது சின்ன விடுதலைதான், மறுக்கேல்லை. ஆனால் அந்தக் கதிரைக்கு விலை இருக்கு. ஒரு தட்டுப் பாஸ்தாவின் காசில் எங்களில் ஒருத்தி ஒரு கிழமைக்குக் கன்ரீனில் சாப்பிடுவாள். அதோட, 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களின் சாப்பாட்டுக் கடைகளையும் எங்கட அப்பாமார் இண்டைக்கும் ருசியோட நினைக்கினம். ருசியை நினைக்கிற அளவுக்கு, அந்தக் கடைக்காரர் ஏன் போனவர் எண்டு கதைக்கிறதில்லை.

பாரிசுக்கும் ஒருக்காத் திரும்புவம். 80களிலிருந்து போன எங்கட சனத்தில் நிறையப் பேர் அங்க ரெஸ்ரோரண்டுகளில் கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, பிறகு சமையல்காரராகி உழைச்சவை. "குசினில வேலை" எண்டு ரெலிபோனில் சொல்லுவினம். நாங்கள் இங்க வாயைப் பிளந்து பாக்கிற அந்த இதமான தெருமுனைக் கடைகளில், மேசைக்கு மற்றப் பக்கம் நிண்டது எங்கட மாமாமார். அவை அனுப்பின காசில்தான் எங்களில் ரெண்டு பேர் அண்டைக்குப் பாஸ்தா சாப்பிட்டது.

ஆகவே வைன் பார் வரட்டும், பாஸ்தாவும் வரட்டும். 1619இல் இருந்து எத்தினையோ வந்து எங்கட ஆகியிருக்கு. ஆனால் எவரும் வந்து கதிரையில் இருந்து கிளாசில் குடிக்கலாம் எண்டது எந்தக் கப்பலிலும் வரேல்லை. அதைச் சுன்னாகத்திலும் சங்கானையிலும் அடிவாங்கினவை வாங்கித் தந்தவை. அவையில் பலர் இன்னும் உயிரோட இருக்கினம், உங்கட ஊரிலும் இருக்கலாம். போய்க் கேளுங்கோ, எழுதி வையுங்கோ.

போத்தலில் குடிச்ச தாத்தாவை அடுத்த மாதம் அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறதாக முடிவு. கடைக்காரரின்ர வீட்டுப் பிள்ளைதான் காசு குடுக்கிறதாம். தாத்தாவிடம் சொன்னபோது, "பாஸ்தா எல்லாம் எனக்கு வேண்டாம் பிள்ளையள், அங்க தேத்தண்ணி இருக்கே?" எண்டு கேட்டவர். இருக்கு எண்டு சொல்லியிருக்கிறம்.